விழுகிற பல்லுத்தானே

அன்புள்ள அண்ணாவுக்கு,
மகன் தரம் 2 படிக்கிறான். பள்ளிக்கூடத்தில் பல் பார்த்துவிட்டு நான்கு பல்லில் சூத்தை என்று துண்டு கொடுத்து விட்டிருக்கிறார்கள். ஏழரையிலிருந்து ஒன்றரை வரை பிள்ளை அவர்களிடம்தானே இருக்கிறான், இடைவேளை முடிய பல் தீட்ட வைக்க ஏலாதா என்று கணவர் கேட்கிறார். பால்பல்லுத்தானே, விழுந்துவிடும் என்கிறார் மாமி. இது யாருடைய பொறுப்பு? கரிப் பற்பசை நல்லதா?
வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சி,

கரிப் பற்பசையை விடுங்கள், ஃபுளோரைட் உள்ள சாதாரண பேஸ்ட் போதும். கணவருக்கும் ஒரு வரிதான்: நாற்பது பிள்ளைகளும் இரண்டு தண்ணீர்க் குழாயும் உள்ள இடத்தில் இடைவேளைக்குப் பிறகு பல் தீட்ட வைக்கச் சொல்கிறவர், ஒரு நாள் போய் நின்று பார்க்கட்டும்.

மாமியின் வசனத்தை மட்டும் என்னால் விட முடியவில்லை. ஐம்பது வருசத்துக்கு முன்னால் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் பல் மிஸ்ஸின் அறை கராம்பு எண்ணெய் மணக்கும். பெயர் கூப்பிட்டால் நான் கழிவறைக்குள் ஒளிந்துகொள்வேன். அவர் எழுதித் தந்த துண்டை அப்பா சட்டைப் பைக்குள் மடித்து வைத்தார், அது அங்கேயே சலவைக்கும் போனது. விழுகிற பல்லுத்தானே! ஆனால் அந்தத் துண்டில் எழுதியிருந்த பல் பால்பல் இல்லை. ஆறு வயதளவில் பால்பற்களுக்குப் பின்னால், ஒரு பல்லும் விழாமலேயே, ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எதுவும் விழாததால் அதையும் பால்பல் கணக்கில் சேர்த்துவிடுவோம். ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய பல் அது. பதினொரு வயதில் எனக்கு அதைப் பிடுங்கினார்கள். இதை எழுதும்போதும் என் நாக்கு அந்த இடத்தைத்தான் தடவிக்கொண்டிருக்கிறது.

பால்பல்லும் சும்மா இல்லை. அதுதான் பின்னால் வருகிற பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது, நேரத்தோடு போனால் மற்றவை நெருங்கி வந்து அந்த இடத்தை அடைத்துவிடும்.

பள்ளிக்கூடம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லாதீர்கள். பாடசாலைப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கவென்றே பெண்களைப் பயிற்றுவிக்கும் வேலையை நியூசிலாந்து 1921இல் தொடங்கியது. அதே வழியில் நம் நாட்டிலும் மகரகமையில் பயிற்றுவித்து அனுப்பினார்கள். அப்படி வந்த ஒருவர் உங்கள் மகனின் வாயைப் பார்த்து எழுதித் தந்திருக்கிறார், இலவசமாக. அதற்கு மேல் அவர் என்ன செய்வார், இரவு ஒன்பது மணிக்கு வெள்ளவத்தைக்கு வந்து பிரஷ் பிடிப்பாரா?

அந்த ஒன்பது மணிதான் விசயமே. நித்திரையில் எச்சில் குறைந்துவிடும், பல்லைக் கழுவ வாயில் ஒன்றும் இராது. சீனி போட்ட பால்தேத்தண்ணியோடு படுக்கிற பிள்ளையின் வாயில் விடியும் மட்டும் அந்தச் சீனிதான். டியூசன், வீட்டுப்பாடம், பிறகு டிவி, களைத்துப்போனான் பாவம் என்று படுக்கப் போடுகிறீர்கள்தானே? அது பாவம் பார்க்கிறதில்லை, உங்கள் களைப்பு. கோபிக்காதீர்கள், நானும் என் மகளுக்கு அதைத்தான் செய்தேன்.

ஏழெட்டு வயது வரைக்கும் பிள்ளைக்குத் தானாக ஒழுங்காகத் தீட்ட வராது. மடியில் சாய்த்து நீங்கள் தீட்டிவிடுங்கள். பட்டாணி அளவு பேஸ்ட் போதும். துப்பட்டும், கொப்பளிக்க வேண்டாம்.

சின்னவள் ஒருத்தி இருக்கிறாளோ, நீங்கள் எழுதவில்லை. இருந்து, அவளுக்கும் ஆறு ஆகிறதென்றால், இன்றிரவே டோர்ச்சை எடுத்து வாயின் கடைசி வரைக்கும் அடித்துப் பாருங்கள்.