கிணற்றில் வந்த சிப்பி

கேள்வி: கொல்லையில் கிணறு தோண்டும்போது பன்னிரண்டு அடியில் கூடை கூடையாகச் சிப்பி வந்தது. கடற்கரை இங்கிருந்து மூன்று கிலோமீட்டர். அந்தக் காலத்துச் சுனாமி இதுவரை வந்திருக்குமா ஐயா?
- ஒரு வாசகர், வேதாரண்யம்

பதில்: சிப்பியை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் பக்கத்து நிலமே கடல் வரிசை வரிசையாக ஒதுக்கிய மணல்மேடுகளால் ஆனது. கொல்லை இருக்கும் இடம் ஒரு காலத்தில் கரையாக இருந்திருக்கலாம்.

எனக்குத் தெரிய வேண்டியது, அந்தச் சிப்பிக்கு மேலும் கீழும் என்ன மண் இருந்தது என்பதுதான். கடல்மணல் சேர வாய்ப்பில்லாத இடத்தில் அது கிடைத்தால்தான் சந்தேகமே வரும். தாய்லாந்தின் பிரா தோங் தீவில், மேடுகளுக்கு நடுவிலுள்ள புல் பள்ளங்களில் குழி வெட்டிப் பார்த்தார்கள். மேலே 2004-இல் வந்த வெள்ளை மணல். அதன் கீழே மக்கிய கரிய மண். அதற்கும் கீழே, முந்தைய சுனாமி ஒன்று விட்டுப்போன வெள்ளை மணல் மறுபடி! அதற்கு வயது 550 முதல் 700 ஆண்டுகள்.

ஜப்பானின் செண்டாய் சமவெளியை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது. அங்கே குட்சுகதா என்ற இடத்தில் சுமார் 2,000 ஆண்டுக்கு முந்தைய நெல்வயல், வரப்போடு சேர்ந்து கடல்மணலுக்கு அடியில் கிடந்தது. வயலை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்புறம் கி.பி. 869-இல் வந்த சுனாமி. கடல்நீர் அங்கிருந்த கோட்டை வரை ஏறி ஆயிரம் பேரைக் கொன்றதாக அரசுக் குறிப்பே இருக்கிறது. அந்தச் சுனாமி விட்டுப்போன மணலுக்கு மேல் 915-இல் வெடித்த எரிமலையின் சாம்பல் படிந்திருப்பதால் காலமும் பொருந்துகிறது. கரையிலிருந்து 4 கிலோமீட்டர் உள்ளே வரை அந்த மணல் இருப்பதை 2001-லேயே எழுதிவிட்டார்கள். பத்து வருஷத்தில், 2011-இல், கடல் அதே சமவெளிக்குள் வந்தது. இந்த மண்ணைப் படிப்பது எவ்வளவு அவசரமான வேலை என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

புயலும் மணலை அள்ளிவரும். கஜா சேற்றைக் கொண்டுவந்து கொட்டியதைப் பார்த்தவர் நீங்கள். அதனால் ஒரு குழி போதாது. பல குழிகளில் அதே படிவு தொடர்ந்து, கரையிலிருந்து உள்ளே போகப் போக மெலிய வேண்டும்.

இன்னும் உறை இறக்கவில்லையென்றால், கிணற்றுச் சுவரை ஆளை விட்டு மண்வெட்டியால் சீராகச் செதுக்கி, அளவுநாடா தொங்கவிட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள். மண் சரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.