மாமா போடச் சொல்லும் கையெழுத்து

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் அடுக்குமாடி வீட்டிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: மகளுக்கு மருத்துவமா, வரலாறா? மகள் பதினோராம் வகுப்பு. தகப்பன் இல்லை. அம்மா கடையில் கல்லாவில் நிற்கிறார். பாட்டியின் முதியோர் பென்ஷன் வாடகைக்கே போய்விடுகிறது. பிள்ளை நூலகத்திலிருந்து வாரம் ஐந்தாறு புத்தகம் தூக்கிவந்து, விளக்கை அணைத்த பிறகும் போன் வெளிச்சத்தில் படிக்கிறாள். மாமாவோ, டாக்டருக்குத்தான் படிக்க வேண்டும் என்கிறார். இங்கே இடம் கிடைக்காவிட்டால் ஏஜென்ட் பிடித்து வெளிநாடு. கடன் பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போடுவாராம், அம்மாவும் கூடவே போட வேண்டுமாம்.

அம்மா, ஆறுதல் அப்புறம். முதலில் மதிப்பெண். நீங்கள் அனுப்பியதில் ஆங்கிலம் 82, வரலாறு 79, ஜூலு 61, உயிரியல் 55, பௌதிகம் 41, கணிதம் 38. மருத்துவத்துக்குக் கணிதமும் பௌதிகமும் 60-ஐத் தொட வேண்டும். ஒரு வருட டியூஷனில் 38 அங்கே ஏறாது. வெளிநாட்டில் ஏதோ ஒரு கல்லூரி சேர்த்துக்கொள்ளும், சரி. ஆனால் என்எஸ்ஃபாஸ், அதாவது ஏழை மாணவர்களுக்கான அரசு நிதியுதவித் திட்டம், வெளிநாட்டுப் படிப்புக்கு ஒரு ராண்ட்கூடத் தராது. படித்து முடித்துத் திரும்பினாலும் இங்குள்ள மருத்துவக் கவுன்சிலின் தேர்வைத் தாண்டினால்தான் ஊசி போட முடியும். நடுவில் பிள்ளை தோற்றால் கடன் யார் தலையில்? கல்லாவில் நிற்கும் உங்கள் தலையில். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மாமா மனம் கோணினால் கோணட்டும்.

இதே மதிப்பெண்ணை வேறு கண்ணால் பாருங்கள். பட்டப்படிப்புக்குத் தகுதியான மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) தேர்ச்சி என்றால் நான்கு பாடங்களில் 50, வீட்டுமொழியாக எடுத்த ஆங்கிலத்தில் குறைந்தது 40, மற்றவற்றில் 30. அவளுக்கு நான்கு பாடம் இப்போதே தாண்டியிருக்கிறது. கணிதத்தின் 38 அதைக் கெடுக்காது. அவளுக்கு ஏற்றது பி.ஏ., அதில் வரலாறும் ஆங்கிலமும் முதன்மைப் பாடங்கள். இந்த ஜோடியை நான் சும்மா சொல்லவில்லை. வரலாற்று ஆராய்ச்சி கைகூடாமல் போனால், ஓராண்டு ஆசிரியர் பயிற்சியில் சேர இந்த இரண்டும் பள்ளிப் பாடங்களாகவே நிற்கும். ஆசிரியர் படிப்புக்கு அரசு தரும் ஃபுன்சா லுஷாக்கா உதவித்தொகைக்கு அந்த ஆண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். அது பணம் கட்டும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு அரசுப் பள்ளியில் வேலை பார்க்க வேண்டும். தத்துவமும் மனோதத்துவமும் எடுத்துவிட்டுப் பிறகு ஆசிரியர் வேலைக்கு அலைகிற பிள்ளைகள் தடுக்கி விழுவது, அவை பள்ளிப் பாடங்களாக நிற்காத இந்த இடத்தில்தான்.

“வரலாறு படித்து என்ன செய்வாள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் ஆட்களை இறக்கியது. அன்று தொடங்கி 1911 வரை வந்த ஒப்பந்தக் கூலிகள் 152,184 பேர். ஒவ்வொருவருக்கும் கப்பல் பட்டியலில் ஒரு வரி: காலனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். எழுதியவர்கள் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார்கள். ‘கூப்பூசாமி’ என்று கிடப்பவர் குப்புசாமி. பக்கத்து வீட்டு ‘கோவெண்டர்’ கவுண்டர். தமிழ் காதில் விழாத ஆராய்ச்சியாளர் ஒரே ஆளை இரண்டு எழுத்துக்கூட்டலில் கண்டு இரண்டு ஆளாக எண்ணுவார். ஊர்ப் பெயரைத் தாலுகாவோடு சேர்த்துக் குழப்புவார். 1903-இல் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகைக்கு ஆரம்பத்தில் தமிழ்ப் பகுதியும் இருந்தது; அதைப் படிக்கத் தமிழ் தெரிய வேண்டும். பாட்டியிடம் எழுத்துக்கூட்டிக் கற்ற தமிழ் இங்கே கருவி. கோயில் தமிழ் வகுப்பை ‘மெட்ரிக் வருஷம்’ என்று நிறுத்திவிடாதீர்கள்.

ஆவணங்கள் எட்டாத தூரத்தில் இல்லை. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இந்தியக் குடியேற்ற அலுவலகத்தின் காகிதங்கள்: கூலிகளின் புகார்கள், முதலாளிகளின் கடிதங்கள்.

புத்தகம் பிடிப்பதும் ஆராய்ச்சி பிடிப்பதும் ஒன்றல்ல. இப்போதே சோதித்துப் பார்க்கலாம். பாட்டியின் பாட்டனார் பெயரைக் கொண்டு கப்பல் பட்டியலில் தேடச் சொல்லுங்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இரண்டு பக்கம் எழுத வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில், இது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு. பாட்டி சொன்னதா, காகிதம் சொன்னதா, அவளே ஊகித்ததா? மூன்றாவது வாக்கியத்திலேயே அலுத்துவிட்டால் அவள் நல்ல வாசகி, அவ்வளவுதான். அதிலும் குறையில்லை, நூலகத் துறையைப் பார்க்கலாம். ஆனால் “பாட்டி சொன்ன ஊரும் காகிதத்தில் உள்ள ஊரும் வேறயா இருக்கே” என்று ராத்திரி பதினொரு மணிக்கு உங்களை எழுப்பினால், விஷயம் வேறு.

இனி பணம். பல்கலைக்கழக இடத்துக்கு மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக மெட்ரிக் வருடம் செப்டம்பர் 30-க்குள் போடுங்கள்; ஆறு படிப்புகள் வரை தேர்ந்து குறிப்பிடலாம். என்எஸ்ஃபாஸ் தனி விண்ணப்பம், கட்டணம் இல்லை. வீட்டு வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்கு மேல் போகக் கூடாது. நீங்கள் பக்கத்தில்கூட இல்லை. பலர் மாட்டிக்கொள்வது போன் நம்பரில். பக்கத்து வீட்டு அண்ணன் நம்பரைக் கொடுத்துவிட்டு, அவர் சிம் மாற்றியதும் ஓடிபி வராமல் கணக்கு பூட்டிக்கொள்ளும். அவள் பெயரில் ஒரு சிம், மின்னஞ்சலின் கடவுச்சொல் ஒரு நோட்டுப் புத்தகத்தில். தகப்பனின் இறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.

என்எஸ்ஃபாஸ் முதல் பட்டத்தோடு நின்றுவிடும். பி.ஏ. முடிந்தபின் நான்காம் ஆண்டு ஆனர்ஸ், அது தனிப் பட்டம். அங்கேதான் ஏழைப் பிள்ளைகள் உதிர்கிறார்கள். அதற்குத் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் உதவித்தொகை இருக்கிறது: ஆனர்ஸுக்கு வயது 28-க்குள், எம்.ஏ.வுக்கு 30-க்குள், முனைவர் பட்டத்துக்கு 32-க்குள். சராசரி 65 வேண்டும். குடும்ப வருமானம் அதே 3,50,000-க்குள் என்றால் முழுச் செலவுக்கும் கேட்கலாம். பல்கலைக்கழகம் தன் உள்தேதியை அறக்கட்டளையின் தேதிக்கு முன்பே முடித்துவிடும். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போதே நிதிப் பிரிவில் போய்க் கேட்க வேண்டும். 65 என்பது முதல் ஆண்டிலிருந்தே மனதில் இருக்க வேண்டிய எண்.

பேராசிரியர் இடங்கள் குறைவு என்பது உண்மை, மறைக்கவில்லை. ஆனால் ஆனர்ஸ் வரை வந்தவளுக்கு ஆசிரியர் வேலை, நூலக டிப்ளமா, காப்பக வேலை எல்லாம் திறந்தே இருக்கும், கடன் இல்லாமல். மாமாவிடம் பேச வேண்டுமானால் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். உதவ மனமிருந்தால் பிள்ளைக்குப் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கித் தரட்டும். போன் திரையில் 1870-களின் கையெழுத்தைப் படித்தால் கண் போய்விடும்.