அதற்கான இடம் எது, தோழர்?

கேள்வி: எட்டு ஆண்டுகளாக ஓர் இடதுசாரி இளைஞர் அமைப்பில் இருக்கிறேன். வேலை பறிபோன என் நண்பன் சென்ற ஆண்டு தற்கொலை செய்துகொண்டான். அதன்பின் பெண்கள் மீதான வன்முறை பற்றி அமைப்பு ஒரு கூட்டம் நடத்தியது. ஒரு பெண் தன் அனுபவத்தைச் சொல்லி முடித்ததும் நான் எழுந்து, "தற்கொலை செய்துகொள்பவர்களில் ஆண்கள்தானே அதிகம், அதை ஏன் பேசுவதில்லை?" என்று கேட்டேன். "அதற்கு இது இடமில்லை" என்றார் ஒரு பெண் தோழர். மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். அன்று முதல் கூட்டங்களுக்குப் போவதில்லை. இரவில் ‘ஆண் உரிமை’ பேசுகிறவர்களின் காணொளிகளைப் பார்க்கிறேன். பாதி பிடிக்கவில்லை. ஆனாலும் அவர்களாவது என் நண்பனைப் போன்றவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு இயக்கத்தில் இடம் இருக்கிறதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இருக்கிறது, தோழர். உங்கள் நண்பருக்கும் இருந்திருக்க வேண்டும்.

நான் ஓர் ஆலைச் சங்கத்தில் 27 ஆண்டுகள் கணக்கு எழுதியவள். ஒருமுறை ஆட்குறைப்பில் வேலை இழந்த ஒருவர் தினமும் காலை எட்டு மணிக்குச் சங்க அலுவலகத்துக்கு வருவார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா. ஒரே செய்தித்தாளை இரண்டு முறை படிப்பார். மாலையில் ஆலைச் சங்கு ஊதியதும் எழுந்து போவார். சும்மா இருக்கிறாரே என்று நானும் உறைகளுக்குப் பசை தடவும் வேலையைக் கொடுத்தேன். மூன்றாவது மாதம் அவருடைய மனைவி தேடிக்கொண்டு வந்தார். வேலை போனதே அன்று காலைதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆலை வாசலில் காவலாளி சொல்லியிருக்கிறார். மனைவியைக் கண்டதும் அந்த மனிதர் எழுந்து, பசை ஒட்டிய கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மூன்று மாதம் எதிரிலேயே உட்கார்ந்திருந்த நான் "வீட்டில் சொல்லிவிட்டீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடைய நட்ட ஈட்டுக்காக வாயிற்கூட்டம் போட்டோம், துண்டறிக்கை அடித்தோம். அவரைக் கேட்கவில்லை.

உலகில் ஆண்டுதோறும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆண்களின் விகிதம் பெண்களுடையதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. கேட்ட நேரம்தான் தவறு, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்தப் பெண் எத்தனை நாள் தயங்கி அந்த மேடைக்கு வந்தாரோ! அவர் பேசி முடித்த கையோடு வந்த உங்கள் கேள்வி, நீங்கள் நினைத்தீர்களோ இல்லையோ, அவர் வாயை அடைப்பதாகத்தான் அங்கிருந்தவர்கள் காதில் விழுந்திருக்கும்.

ஆனால் "இது இடமில்லை" என்று சொல்கிற அமைப்பு, "எது இடம்? எந்தத் தேதி?" என்பதையும் சொல்லக் கடமைப்பட்டது. எட்டு ஆண்டு உழைத்த தோழர் வராமல் போனபோது ஒருவர்கூட வீடு தேடி வரவில்லை என்றால், அந்தத் தவறு உங்களுடையது அல்ல. வலியை வெளியே சொல்லாதவனே ஆண் என்று வளர்க்கிறது ஆணாதிக்கம். அதை எதிர்க்கிற நாமும், சொல்ல வந்தவனை அதட்டி உட்கார வைத்தால் அதன் வேலையைத்தான் செய்கிறோம்.

அந்தக் காணொளிகளை ஒரு கேள்வியோடு பாருங்கள். உங்கள் நண்பரின் வேலையைப் பறித்தது யார்? அந்த நிர்வாகத்தின் பெயர் அவர்கள் வாயில் வருகிறதா? மனைவி, காதலி, பெண்களுக்கான சட்டம் என்றுதான் விரல் நீளும். 1970களில் அமெரிக்காவில் ஆண்கள் தங்கள் வலியைப் பேசத் தொடங்கியபோது, பெண் விடுதலை இயக்கத்திடம் கற்றுக்கொண்டுதான் தொடங்கினார்கள். பத்தாண்டு முடிவதற்குள் அந்த ஆண்கள் இயக்கம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பிரிவு பெண்களோடு நின்றது, மற்றது பெண்களையே குற்றவாளி ஆக்கியது. நீங்கள் இன்று நிற்பதும் அந்த முச்சந்தியில்தான்.

1984-85இல் பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளர்கள் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்தபோது, பெண்கள் பொதுச் சமையற்கூடம் நடத்தினார்கள், மறியலில் நின்றார்கள், மேடையும் ஏறினார்கள். தன்பால் ஈர்ப்பாளர்கள் லண்டனில் உண்டியல் குலுக்கித் தெற்கு வேல்ஸ் சுரங்கக் குடும்பங்களுக்குப் பணம் அனுப்பினார்கள். 1985இல் லண்டனில் நடந்த தன்பால் ஈர்ப்பாளர்களின் சுயமரியாதைப் பேரணியின் முன்வரிசையில் சங்கக் கொடியோடு நடந்தவர்கள் அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள். யார் வலி பெரியது என்று அளந்துகொண்டிருந்தால் அந்தப் பணமும் போயிருக்காது, அந்தக் கொடியும் வந்திருக்காது. ஸ்வீடனில் 1974 முதலே குழந்தை வளர்ப்பு விடுப்பைத் தந்தையும் எடுக்கலாம். ஆனால் எடுத்த ஆண்கள் குறைவு. 1995இல் ஒரு மாதத்தைத் தந்தைக்கென்றே ஒதுக்கிய பிறகுதான் பெரும்பாலானோர் எடுத்தார்கள். ஆணுக்குக் குழந்தையோடு இருக்கக் கிடைத்த மாதம், பெண்ணுக்குச் சுமை இறங்கிய மாதமும்கூட.

அந்தப் பெண் தோழரை நேரில் பாருங்கள். புள்ளிவிவரம் வேண்டாம், நண்பரின் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள். பிறகு வேலை இழந்தவர்களுக்காகத் தனிக் கூட்டம் ஒன்றை இருவரும் சேர்ந்து செயற்குழுவில் கேளுங்கள். தீர்மானத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: வேலை போன ஒரு வாரத்துக்குள் இரண்டு தோழர்கள் வீட்டுக்குப் போக வேண்டும், மாதம் ஒருமுறையாவது மறுபடியும் போக வேண்டும். பசைக் கைக்காரர் விஷயத்துக்குப் பிறகு எங்கள் சங்கம் அப்படித்தான் செய்தது. முதலில் போனவர்களில் அவரும் ஒருவர்.

இரவுகள் தாங்க முடியாதவையாக இருந்தால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள், நெருங்கிய ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். கூட்டத்துக்குத் தேதி குறித்ததும் எனக்கு எழுதுங்கள். வருகிறேன்.