ஆபரேஷன் முடிஞ்சும் வலி போகல

கேள்வி: முதுகுல டிஸ்க் ஆபரேஷன் பண்ணி 14 மாசம் ஆச்சு, சிங்கப்பூர்ல யீஷூன்லேர்ந்து எம்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டே வந்தா இடது கால் கட்டைவிரல் வரைக்கும் கரண்ட் அடிக்குது. டாக்டர் தப்பு பண்ணிட்டாரா, கேஸ் போடலாமா?

பதில்: அவசரப்படாதீங்கண்ணே. நல்லா செஞ்ச ஆபரேஷனுக்கு அப்புறமும் வலி நிக்கறது உண்டு, நரம்பைச் சுத்தி தழும்பு கட்டும், டிஸ்க் திரும்ப பிதுங்கும், அதனால வலி இருக்குங்கறது மட்டுமே தப்புக்குச் சாட்சி ஆகாது. மெடிக்கல் ரிப்போர்ட்டும் எம்ஆர்ஐ படமும் கேட்டு வாங்கி வேற ஸ்பெஷலிஸ்ட்கிட்ட காட்டுங்க. சிங்கப்பூர் மெடிக்கல் கவுன்சில்ல புகார் குடுத்தா டாக்டரைத்தான் விசாரிப்பாங்க, நஷ்டஈடு வராது, அதுக்கு கோர்ட்தான், அதுவும் பொதுவா 3 வருஷத்துக்குள்ள, அதனால லாயரைச் சீக்கிரம் பாத்துடுங்க. திடீர்னு இடுப்புக்குக் கீழ மரத்துப்போய் ஒண்ணுக்கு அடக்க முடியலன்னா கேஸெல்லாம் கிடக்கட்டும், அன்னிக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு (ஏ அண்ட் ஈ) ஓடுங்க.