ஜுஹுவின் நீலக் குமிழி ஓர் உயிரா?

கேள்வி: மழைக்காலத்தில் ஜுஹு கடற்கரையில் ஒதுங்கும் நீலக் குமிழி ஒரே உயிரா? எப்படி இனப்பெருக்கம் செய்கிறது? கடற்பஞ்சும் விலங்குதான் என்கிறதே மகளின் பாடப்புத்தகம்?
– வாசகி, மாட்டுங்கா

பதில்: செம்பூரில் விலங்கியல் நடத்திய காலத்திலிருந்தே எனக்குப் பிடித்த கேள்வி இது. அந்தக் குமிழியை ஜெல்லிமீன் என்கிறார்கள். அதன் உறவுதான், ஆனால் அது ஒரு கூட்டுயிர்; அதாவது பல சிற்றுயிர்கள் ஒட்டி வாழும் கூட்டம். மேலே மிதப்பது ஒரு பை. இரை செரிப்பவை, கொட்டுபவை, இனப்பெருக்கம் செய்பவை எல்லாம் தனித்தனிச் சிற்றுயிர்கள். அத்தனையும் ஒரே கருமுட்டையிலிருந்து மொட்டுவிட்டு, பிரியாமல் ஒட்டிக்கொண்டே வளர்ந்தவை! ஒரு குமிழியின் கூட்டம் முழுதும் ஆணாகவோ பெண்ணாகவோதான் இருக்கும்; கருவுறுதல் கடல்நீரில் நடக்கிறது.

குழந்தைகளைத் தொட விடாதீர்கள். அதன் கொட்டும் செல்லுக்குள் நஞ்சுக்குழல் சுருண்டிருக்கும். குமிழி செத்த பிறகும் அது பாயும். கொட்டிவிட்டால் கடல்நீரால் கழுவி, தாங்கக்கூடிய வெந்நீரில் அந்த இடத்தை வையுங்கள்.

சரி, கடற்பஞ்சு. விலங்கேதான். வாயில்லை, நரம்பில்லை. உடல் முழுக்கத் துளைகள். உள்ளே சாட்டை போன்ற இழை கொண்ட செல்கள் நீரை இழுத்து உணவை வடிகட்டுகின்றன. பெரும்பாலானவை இருபாலுயிர்கள். ஒன்று நீரில் விடும் விந்தணுவை இன்னொன்றின் அதே வடிகட்டும் செல்கள் பிடித்து முட்டையிடம் சேர்க்கின்றன. பிறக்கும் இளவுயிரி நீந்திப்போய், பாறையில் ஒட்டிக்கொள்கிறது. மகளுக்கு இதையும் சொல்லுங்கள்: 1907-இல் வில்சன் என்ற அமெரிக்க விலங்கியலாளர் உயிருள்ள கடற்பஞ்சை மெல்லிய பட்டுத் துணியில் பிழிந்தார். சிதறிய செல்கள் தாமாகவே கூடி, மறுபடி கடற்பஞ்சாக வளர்ந்தன.