அறிவியல் ஆய்வுகளுக்கு விலங்குகளைப் பயன்படுத்துவது நியாயமா?

என் பதிலை என் வயிற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1986-ல் எனக்கு எட்டு வயது. குன்னூர் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தோம். ஒரு நாய் என் கெண்டைக்காலைக் கவ்வியது. இரண்டே நாளில் செத்தும் போனது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி. அம்மா கொழுந்து பறிக்கப் போகாமல் தினமும் என்னோடு பஸ் ஏறுவார். நேற்றுப் போட்ட இடம் கன்றிப்போய் இருக்கும். நர்சம்மா விரலால் தடவித் தடவி, வலிக்காத இடமாகத் தேடுவார். பத்தாம் நாளுக்கு மேல் அப்படி ஓர் இடமே கிடைக்கவில்லை.

"இது எதுல செய்யுறாங்கம்மா?" என்று அம்மா கேட்டார். ஆட்டு மூளையில் என்றார் நர்சம்மா. அந்த வருஷம் கோயிலில் கிடா வெட்டுக்கு அம்மா வரவில்லை. "எம்புள்ளைக்காக ஒரு ஆடு ஏற்கெனவே செத்துருச்சு" என்றார்.

அது எப்படிச் செத்தது என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆட்டின் மூளைக்குள் வெறிநோய் வைரஸைச் செலுத்துவார்கள். சில நாளில் கால் இழுத்துக்கொண்டு விழும். அப்போது கொன்று, மூளையை எடுத்து, பீனாலில் வைரஸைச் சாகடித்து மருந்தாக்குவார்கள். 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் பல காலம் இந்த மருந்துதான் தயாரானது. எத்தனை குடும்பங்களைக் காத்த மருந்து! என்னையும் சேர்த்துத்தான். அதனால் "கூடவே கூடாது" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. 2004-ன் கடைசியில் இந்தியாவில் அந்த மருந்தை நிறுத்தியது ஆட்டுக்கு இரங்கி அல்ல. அதிலிருந்த மூளைத் திசுவால் சிலருக்கு உடம்பே தன் நரம்பைத் தாக்கி, கை கால் விழுந்துபோனது. அதனால்தான் நிறுத்தினார்கள். இப்போது பரவலாகப் போடும் ஊசி வீரோ செல்லில் வளர்வது. 1962-ல் ஜப்பானில் ஓர் ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்கள். இன்னும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. நமக்கு ஆபத்து என்றதும் மாற்று வழிக்கு மும்முரமாக அலைந்தோம். ஆட்டுக்கு மட்டும் வலித்த காலத்தில் அந்த அவசரம் நமக்கு இல்லை.

வேறு வழியே இல்லாத இடத்தில், உயிர் காக்கும் மருந்துக்காக, வலியைக் குறைத்துச் செய்தால் ஒப்புக்கொள்வேன். மாற்று வழி தேடுவதை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. முகப்பூச்சுக்காக முயலின் கண்ணில் ரசாயனம் விடுவதை என்னால் ஏற்கவே முடியாது. அழகுப் பொருள்களுக்கான விலங்குச் சோதனையை 2014-ல் நம் நாடு தடை செய்தது சரிதான்.

வெறிநோய்த் தடுப்பூசியின் வீரியத்தைப் பார்க்க, எலிகளுக்கு அதைப் போட்டுவிட்டு மூளையில் வைரஸை ஏற்றும் பழைய சோதனை இன்னும் முழுதாக ஒழியவில்லை. வீரியம் குறைந்த மருந்து என்றால் அவை துடித்துச் சாகும். எலியே இல்லாமல், ஊசியிலுள்ள வைரஸ் புரதத்தை ஆய்வகத்தில் அளக்கும் முறைகள் வந்துவிட்டன. அந்த எலிச் சோதனையை எப்போது கைவிடப் போகிறோம் என்று மருந்துத் துறையில் இருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன்.