கால் மரத்துப்போகும் காலணி நல்ல காலணியா?

கேள்வி: ஹம்பி பயணத்துக்காகப் பாறையேற்றக் காலணி ஒன்றைப் பாதி விலையில் கிடைத்ததே என்று போட்டுப் பார்க்காமலேயே வாங்கிவிட்டேன். ஒன்றரை அளவு பெரிதாக இருக்கிறது. இரண்டு காலுறை அணிந்தால் சரியாகுமா?
(வாசகர், முத்தியால்பேட்டை)

பதில்: ஆகாது. பொருத்தமான கால் உள்ளவருக்கு விற்றுவிடுங்கள். கால் உள்ளே நகர்ந்தால் சிறு விளிம்பில் விரல் நிற்காது. ஐந்து நிமிடம் செலவழித்துப் போட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது.

கேள்வி: சென்னையில் படிக்கிறேன், உள்ளரங்கச் சுவரில் ஏறப் பழகுகிறேன். வழக்கமாக 41 அணியும் எனக்குக் கடைக்காரர் 38 கொடுத்து, "போடப் போட இளகிவிடும்" என்றார். ஒரு மாதமாகியும் கால் மரத்துப்போகிறது.
(வாசகி, லாஸ்பேட்டை)

பதில்: "போடப் போட இளகிவிடும்" என்ற அந்த ஒரு வாக்கியத்தை நம்பி எத்தனை பேர் விரல்களைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. உள்துணி வைத்துத் தைக்காத தோல் காலணி ஏறக்குறைய ஓர் அளவுவரை இளகக்கூடும் என்பது உண்மை. ஆனால் செயற்கை இழையால் செய்தது மிகக் குறைவாகவே இளகும். விரல்களைச் சுற்றி இறுக்கமாக ஓடும் ரப்பர் பட்டை எதிலும் அதிகம் இடம் தராது. எதனால் செய்தது என்பதைச் சொல்லாமல் இளகும் என்று சொல்பவர் உங்கள் காலைப் பார்த்து விற்கவில்லை, கையிருப்பைப் பார்த்து விற்கிறார்.

நான் முதன்முதலில் வாங்கியதும் இப்படித்தான். முனை கீழ்நோக்கி வளைந்த செயற்கை இழைக் காலணி. இரண்டு அளவு சிறியது. கடையில் கேட்டதும் இதே வாக்கியம். இரண்டு கால் பெருவிரல் நகங்களும் கறுத்த பிறகுதான் அதைக் கழற்றி வைத்தேன். அந்த வளைவு, வெளிப்புறமாகச் சாய்ந்து நிற்கும் பாறைகளில் குதிகாலாலும் விரல் நுனியாலும் பற்றி இழுப்பதற்கானது. பழகுபவருக்குத் தட்டையான அடிப்பாகம் கொண்டதே ஏற்றது.

இனி வாங்கும்போது கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், காலுறையின்றிப் போட்டுப் பாருங்கள். விரல்கள் முன்புறத்தைத் தொட்டு மிக லேசாக மடங்கியிருக்க வேண்டும். குதிகாலில் காற்று தங்கும் இடைவெளி இருக்கக் கூடாது. ஒரு படியின் விளிம்பில் விரல் நுனியால் நின்று பாருங்கள்: இறுக்கம் இருக்கலாம், கூர்மையான வலி கூடாது. ஒரு நிறுவனத்தின் 40 இன்னொன்றின் 41 ஆக இருக்கும் என்பதால் எண்ணை நம்ப வேண்டாம். இப்போதுள்ளதை இனி அணியாதீர்கள்.

கேள்வி: தோல் காலணியில் பூஞ்சை பிடிக்கிறது. துவைக்கலாமா?
(வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: ஊறவைக்க வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காற்றாட உலர்த்துங்கள். கடற்கரை ஈரக்காற்றில் பைக்குள் மூடி வைத்தால் பூஞ்சை வரத்தான் செய்யும். வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியிலும் வைக்காதீர்கள். வெப்பத்தில் பசை விட்டுப்போகும்.

கேள்வி: இணையத்தில் புதிது என்று வாங்கிய காலணியின் முனை ரப்பர் தேய்ந்திருக்கிறது, தையலில் வெள்ளைச் சுண்ணப்பொடி ஒட்டியிருக்கிறது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். ஒன்பதாயிரம் ரூபாய், என் முதல் சம்பளத்தில் வாங்கியது.
(வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: படிக்கவே வேதனையாக இருந்தது. உங்கள் மீது தவறு ஏதுமில்லை. அந்தப் பொடி, ஏறுபவர்கள் கையில் பூசிக்கொள்வது. முன்பே யாரோ பயன்படுத்தியதை உங்களிடம் தள்ளியிருக்கிறார்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மையில் இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். உடனே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் அழையுங்கள். பலனில்லையேல், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை. அதுவரை காலணியைத் துடைக்காதீர்கள், அணிந்தும் பார்க்காதீர்கள். பொடி படிந்த தையலையும் தேய்ந்த முனையையும் பெட்டியின் ஒட்டுச்சீட்டோடு சேர்த்து இன்றே படமெடுத்து வையுங்கள்.